பதினோரு தார்ப்பாய்

ஐப்பசி மூன்றாம் வாரம். அன்று காலை செல்லமுத்துவின் லாரி கடைக்கு எதிரே ஓரங்கட்டி நின்றபோது, கிழிசல் எதையோ கொண்டுவருகிறார் என்றுதான் ஜெயசித்ரா நினைத்தாள். மெஷினில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். செல்லமுத்து இறங்கி, கேபினுக்குள் கையை விட்டு ஒரு சிமெண்டு மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். கடை வாசலில் அதைப் போட்டார். மூட்டை விழுந்தால் தொப்பென்று புழுதிதான் கிளம்பும். இது ணங்கென்றது.

"தட்டிப் பாரும்மா" என்றார்.

"என்னாண்ணே இது?"

"தட்டிப் பாருங்குறேன்ல."

அவள் குனிந்து விரல் முட்டியால் தட்டினாள். வலித்தது.

"இது மாரி இருவத்திரண்டு மூட்டை. திருவாரூர்ல ரெண்டு நாளு மழையிலயே வரிசையில நின்னேன். தார்ப்பாய அவுத்தா நடு வண்டில பூராவும் இப்படிக் கெடக்கு. கோடவுன்காரன் கேக்குறான், சிமெண்டு ஏத்திட்டு வந்தியா, கருங்கல்லு ஏத்திட்டு வந்தியான்னு. இருவத்தாறு வருசமா ஸ்டேரிங் புடிக்கிறேன். ஒரு மூட்டை நனைஞ்சதில்ல. நீ தெச்சுக் குடுத்ததப் போட்டேன், போச்சு. மொதலாளி எம் பேட்டாவுலதான் புடிப்பாரு. உனக்கென்ன?"

பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் கிளாசைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடை பூமாலை வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் புருசன் அறிவரசன் எழவில்லை. அவனால் சட்டென்று எழ முடியாது.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற ரோட்டில், இரண்டு ஊருக்கும் நடுவே, நாலு தகரத்தை நிறுத்தி மேலே ஒரு தகரத்தைப் போட்ட கடை அது. சிமெண்டு ஏற்றிய லாரிகள் திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் போவது அந்த வழியில்தான். ரோட்டோரத்துப் புங்க மரங்கள் வருசத்தில் பத்து மாதம் சிமெண்டுத் தூசி படிந்து வெள்ளையாக இருக்கும். மழை பெய்தால்தான் இலை பச்சை என்பது தெரியும்.

அறிவரசன் பதினாலு வருசம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவன். சுரங்கத்துப் பள்ளமும் மேடும் அவன் இடுப்பைத் தின்றுவிட்டன. டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி டிரைவர் சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வருசம், ஜெயசித்ரா ஒன்பது வருசமாக வேலை பார்த்த பை தைக்கும் கம்பெனியில், ஆர்டர் இல்லையென்று ஆட்களைக் குறைத்தார்கள். பெரம்பலூருக்குப் போகிற கம்பெனி வேன் ஒரு திங்கட்கிழமையோடு தெருவுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. அம்மா கொளஞ்சியம்மாளைப் போல நடவுக்கும் களையெடுப்புக்கும் போகலாம்தான். திருமானூர்ப் பக்கம் ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். ஆனால் அவளுக்குக் கனத்த துணியைத் தைக்கத் தெரியும். பள்ளிக்கூடப் பைக்கு வார் பிடிக்கிற இடத்தில் ஆறு மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் தைத்துவிடுவாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்க மனசு வரவில்லை.

"லாரிக்காரன் ஒரு பொம்பளகிட்ட தார்ப்பாய் தைக்க வருவானா? நான் லாரிக்காரன், எனக்குத் தெரியாதா?" என்று அறிவரசன் கேட்டான்.

"நீங்க வருவீங்களா?"

"வர மாட்டேன்."

அவள் கறவை மாட்டை விற்று, திருச்சியிலிருந்து பழைய கனரக மெஷின் ஒன்றை வாங்கி, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். ஆவணியில் கடை திறந்தாள். இருபது நாளைக்கு ஒருவரும் வரவில்லை. ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, அறிவரசனைத் தைக்கிற ஆள் என்று நினைத்து அவனிடம் பேசுவார்கள். அவன் பெண்டாட்டியைக் கை காட்டுவான். சரி, திரும்பி வரும்போது தருகிறோம் என்று போய்விடுவார்கள்.

"மொத ஒரு மாசம் நான் போட்ட வடை பூராவும் நாய்தான் தின்னுச்சு" என்று பூமாலை அப்போது சொன்னாள். "அந்த நாயே கொழுத்துப்போய் அப்பறம் கடைப்பக்கம் வரல. நீ ஒக்காந்திரு. சும்மா மட்டும் ஒக்காராத, மெஷினு ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

அதனால் ஜெயசித்ரா பழைய சாக்குகளைத் தைத்தாள். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள். பிறகு வானம் கறுத்த ஒரு மத்தியானம், வேறு போக்கில்லாத ஒரு டிரைவர் கிழிந்த தார்ப்பாயோடு வந்தார். அரை மணி நேரத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, "கம்பி மாரி இருக்கு" என்றார் அவர். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி செல்லமுத்து. ஐப்பசி பாதி ஆவதற்குள் பதினோரு தார்ப்பாய் அவள் மெஷின் வழியாகப் போயிருந்தது. ஒவ்வொரு வண்டியின் நம்பரும் அவளுக்கு மனப்பாடம்.

இப்போது அந்தப் பதினொன்றில் ஒன்று கல்லாகத் திரும்பி வந்திருந்தது.

"தார்ப்பா எங்கண்ணே?" என்று கேட்டாள்.

"வண்டி மேல கெடக்கு. என்ன பண்ணப் போற?"

அவள் ரோட்டைத் தாண்டினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் டயரில் கால் வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து ஏறினாள்.

"சித்ரா, எறங்கு" என்று கடைக்குள்ளிருந்து அறிவரசன் கத்தினான். "நாலு பேரு பாக்குறான்."

"பாக்கட்டும் மாமா. தார்ப்பா மேலதான கெடக்கு."

ஈரத்தில் தார்ப்பாய் பிணக்கனம் கனத்தது. அவள் இழுத்த இழுப்பில் ஒரு முனைதான் அசைந்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்லமுத்து, திட்டியபடியே ஏறி மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து உருட்டித் தள்ளினார்கள்.

"ஒரு நாளைக்கு இத இங்க வுட்டுட்டுப் போங்கண்ணே."

"மறுபடியும் உங்கிட்ட தைக்கக் குடுக்கவா?"

"தைக்கக் கேக்கல. பாக்கக் கேக்குறேன்."

செல்லமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். "என்னத்தையாவது பாரு. இது இனிமே நெல்லு காய வைக்கத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்மூட்டையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மத்தியானம் வெயில் வந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு புங்க மரத்துக்கும் கடையின் இரும்புக் கால்களுக்கும் நடுவே நாலு மூலையையும் கயிறு போட்டுக் கட்டினாள். தொட்டிலாகத் தொங்கியது. பூமாலையின் டிரம்மிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள்.

"நடுவுல ஊத்தாத" என்றான் அறிவரசன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், காலையில் கத்தியதற்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. "லோடு மேல போடுறப்ப மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல பள்ளம் வுழும். கயித்தை இழுத்துக் கட்டுனா பள்ளம் ஓரத்துக்கு வரும். அங்கதான் தண்ணி நிக்கும். ஓரத்துல ஊத்து."

ஓரத்தில் ஊற்றினாள். பிறகு ஒரு சாக்கை விரித்துத் தார்ப்பாய்க்குக் கீழே மல்லாந்து படுத்தாள். குனிந்து பார்க்க முடியாத அறிவரசனும் மெதுவாக இறங்கி அவள் பக்கத்தில் படுத்தான். இரண்டு பேரும் மேலே பார்த்தபடி கிடந்தார்கள். வெயில் துணிக்குள் ஊடுருவிச் செம்மண் நிறமாகத் தெரிந்தது.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டு வருசத்துப் பழைய துணி ஒரு சொட்டு விடவில்லை. வேறு எவரோ எப்போதோ போட்ட மூன்று ஒட்டுகளும் காய்ந்தே இருந்தன. அப்புறம் அவள் தைத்த நீளத் தையலில் ஒரு துளி முளைத்தது. அடுத்து ஒன்று. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துளி, சீராக, இடைவெளி தப்பாமல். அவள் கைக்கு அவ்வளவு நேர்த்தி. முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உன் தையலுதான்" என்றான் அறிவரசன்.

"ஆமா."

எழுந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். பழைய ஒட்டிலிருந்து ஒரு நூலையும், தன் தையலிலிருந்து ஒரு நூலையும் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவளுடையது நைலான். பை கம்பெனியில் அதுதான். வெயிலில் பளபளவென்று, ஒரு இழையும் பிசிறாமல் இருந்தது. பழையது பருத்தி. தண்ணீரைக் குடித்து உப்பிப்போய், ஊசி ஓட்டையை இறுக்கி அடைத்திருந்ததால் பிடுங்குவதே சிரமமாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு வந்தது.

"நூலு தண்ணி குடிச்சுத் தடிக்கணும் மாமா. என் நூலு தடிக்கல. ஓட்டை ஓட்டையாவே இருக்கு."

அவன் எழ அவள் கை கொடுத்தாள். நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "தார்ப்பா எட்டு வருசத்துப் பழசு. பழசு, அதான் ஒழுவுச்சுன்னு சொல்லிடு. பழசுங்குறதும் பொய் இல்ல."

"மத்த பத்து?"

"கேட்டு வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

"கேட்டு வர மாட்டாங்க மாமா. இந்தண்ணன் கோவக்காரரு, வந்தாரு. மத்தவங்க பேசாம வேற கடைக்குப் போயிடுவாங்க. ஏன் போனாங்கன்னுகூட நமக்குத் தெரியாது."

மறுநாள் காலை அரியலூர் போய்க் காசிநாதன் வீட்டு வாசலில் நின்றாள். அவருக்கு நாலு லாரி. செல்லமுத்து ஓட்டுவது அதில் ஒன்று. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"தப்பு என் தையலுதாங்க. நூலு மாத்திப் போட்டுட்டேன். டிரைவர் அண்ணன் மேல ஒன்னும் இல்ல, அவரு சரியாத்தான் கட்டியிருக்காரு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இத்தினி வருசத்துல தப்பு என்னுதுன்னு ஒருத்தன் வாசப்படி ஏறி வந்ததில்ல" என்றார் காசிநாதன். "அதுக்காவ? கல்லானது மாவாயிடுமா?"

"ஆவாதுங்க. உங்க வண்டில நான் தெச்சது ரெண்டு தார்ப்பா. ரெண்டையும் பிரிச்சுத் திரும்பத் தெச்சுத் தரேன். கூலி வேணாம்."

"திரும்பவும் ஒழுவுனா?"

"நானே தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். நீங்க வந்து பாத்தாலும் சரிதாங்க."

"கார்த்திகை பொறக்கறதுக்குள்ள குடுத்துடணும். அடை மழையில எனக்கு வண்டி நிக்கக் கூடாது. செல்லமுத்து பேட்டாவ நான் பாத்துக்குறேன், போ" என்று மறுபடி செய்தித்தாளை எடுத்தார்.

பருத்தி நூலுக்குத் திருச்சி போனாள். நாலு கடையில் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் பரணில் ஏறித் தூசி தட்டி, எட்டு நூல்கண்டு எடுத்துக் கொடுத்தார். "பந்தல்காரங்க எப்பவாவது கேப்பாங்க, அவ்வளவுதான்" என்றார். கிலோக் கணக்கில் மெழுகும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்பினாள்.

மெழுகுபோட்ட நூல் மெஷினில் ஓடவில்லை. முதல் நாள் முழுக்க அறுந்தது. பாபினில் சுற்றிக்கொண்டது. மூன்று ஊசி உடைந்தன. ஒன்று தெறித்து அவள் புருவத்தில் பட்டது. இரண்டாம் நாள் தடித்த ஊசி மாற்றினாள். நாலு விரல் அகலம் ஓடிவிட்டு மறுபடி அறுந்தது. மோட்டாரின் வேகத்தில் மெழுகு சூடாகி, இளகி, ஊசிக் காதை அடைக்கிறது என்று கண்டுபிடிக்கவே அன்று மத்தியானம் ஆகிவிட்டது. மெஷினுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பூமாலை கொண்டுவந்து வைத்த தயிர்சோறும் மோர்மிளகாயும் தொடாமல் காய்ந்து கிடந்தன.

"மோட்டாரக் கழட்டிடு" என்றான் அறிவரசன்.

"கழட்டிட்டு?"

"கையால சுத்தலாம். மெதுவா சுத்துனா சூடாவாது."

"ரெண்டு கையும் துணியப் புடிக்கவே பத்தல. யாரு சுத்துறது?"

அவன் நாற்காலியை இழுத்து மெஷினின் சக்கரத்துப் பக்கம் போட்டுக்கொண்டான். முதுகை நேராக வைத்து உட்கார்ந்தால் வலிக்காது. வலது கையால் சக்கரத்தைப் பிடித்தான். "சொல்லு" என்றான்.

அவள் துணியைப் பிடித்துக்கொண்டு "ம்" என்றாள். அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். ஊசி இறங்கி ஏறியது. ஒரு தையல். நூல் அறவில்லை.

"ம்."

இன்னொன்று.

கொஞ்ச நேரத்தில் "ம்" தேவைப்படவில்லை. அவள் தோள் அசைவைப் பார்த்தே அவன் சுற்றினான். முனை திரும்பும் இடத்தில் அவனே நிறுத்தினான். மணிக்கு ஆறு அடி போனது. டிப்பர் கியரை மாற்றி மாற்றிக் காய்த்துப்போன கை, வண்டியை விட்ட பிறகு முதல் தடவையாக அதே இடத்தில் மறுபடி காய்த்தது.

இதற்கு நடுவே மற்ற வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டாள். ஒருத்தர் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, முழுக்கக் கேட்டுவிட்டு, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். இன்னொருத்தர் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு, வுடும்மா. எவனாவது தானா கூப்புட்டு ரிப்பேருன்னு சொல்லுவானா?"

"இன்னும் பெரிய மழைய பாக்கலண்ணே அது. ஒரு தடவ கொண்டாங்க, தண்ணி ஊத்திக் காட்டுறேன்."

கொண்டுவந்தார். அவரையே கீழே படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். மூக்கில் சொட்டியதும் எழுந்துகொண்டார். இப்படிப் பதினொன்றில் ஒன்பது திரும்பி வந்தன. ஒன்றை விற்றுவிட்டார்களாம், ஆந்திராவுக்குப் போய்விட்டது. இன்னொரு டிரைவர் கடைசி வரை போனை எடுக்கவே இல்லை. அந்த வண்டி நம்பர் ரோட்டில் தென்படுகிறதா என்று, தையலுக்கு நடுவே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

எட்டு நாள். புது வேலை வந்தது, திருப்பி அனுப்பினாள். "இவ்வளவு நாளு வராதவன் இப்ப வர்றான், நீ தொரத்துற" என்று பூமாலை அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் விடியக் கடைக்கு வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் ஒருநாள் ரசம், மறுநாள் அதே ரசம். அவளது இரண்டு கட்டைவிரலிலும் மெழுகு ஏறித் தோல் வெடித்தது. ஒவ்வொரு தார்ப்பாயையும் தைத்து முடித்ததும் மரத்தில் கட்டித் தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துப் பார்த்தாள். ஐந்தாவதில் மட்டும் ஒரு மூலை கசிந்தது. பிரித்துத் தைத்தாள்.

கார்த்திகைக்கு முதல் நாள் செல்லமுத்து வந்தார். நாகப்பட்டினத்துக்கு லோடு. தார்ப்பாயை வண்டியில் ஏற்றினார். தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கிளம்பும்போது, "புயலுங்குறான்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையும் விடவில்லை. அதற்கடுத்த நாளும் பெய்தது. கடைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்கவில்லை. ரோட்டில் வண்டி குறைந்துவிட்டது. ஜெயசித்ரா மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். துடைத்தாள். மறுபடி எண்ணெய் விட்டாள். போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் வந்தது.

"ஏம்மா" என்றார் செல்லமுத்து. அங்கேயும் மழைச் சத்தம். "அவுத்தாச்சு. காஞ்சுதான் கெடக்கு."

"ஓரத்துல பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"பின்னாடி இடது பக்க மூலை? அங்க ரெண்டு தையலு ஒன்னா வருது. அத நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"தொட்டுப் பாத்தீங்களா?"

மறுமுனையில் அவர் என்னவோ முணுமுணுத்தார். பிறகு மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஏறுகிறார் போலிருந்தது. யாரையோ தள்ளி நிற்கச் சொன்னார். ஜெயசித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அறிவரசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டுட்டேன்" என்றார் செல்லமுத்து, மூச்சு வாங்க. "மூலை மூட்டைய தட்டிப் பாத்தேன். புழுதி பறக்குது. போதுமா? நான்தான் நனைஞ்சுட்டேன்." அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. "அன்னிக்கி நாலு பேருக்கு முன்னாடி சத்தம் போட்டுட்டேன். சரி, வைக்கிறேன்."

அவள் போனை இறக்கினாள். "காஞ்சிருக்காம் மாமா."

"ம்" என்றான் அறிவரசன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டான். அவள் "கொஞ்சம் முதுவ நீட்டுறேன்" என்று, மூலையில் மடித்து வைத்திருந்த தார்ப்பாய்களின் மேல் சாய்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அவள் தூங்கிப்போனதை அந்தத் தலைப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

சேலம் பதிவு எண் போட்ட லாரி ஒன்று ஓரங்கட்டியது. முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர், நனைந்த தார்ப்பாய்ச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தார்.

"ரெண்டு முழம் கிழிஞ்சிருக்குங்க. நாகப்பட்டினத்துலேருந்து ஒருத்தர் இப்பத்தான் போன்ல இந்தக் கடைய..."

அறிவரசன் விரலை உதட்டில் வைத்து, மூலையைக் காட்டினான்.

"இப்பத்தான் கண்ணு அசந்துது" என்றான் தணிந்த குரலில். "சரியாத் தூங்கிப் பத்து நாளு ஆவுது. அவசரமாங்க?"

டிரைவர் அவளைப் பார்த்தார். சுருளைத் தலையிலிருந்து சத்தமில்லாமல் இறக்கி, தண்ணீர் உள்ளே ஓடாதபடி வாசலோரமாகச் சாய்த்து வைத்தார். சட்டையைப் பிழிந்துகொண்டார்.

"லோடு ஏத்த சாயங்காலம் ஆவும்" என்றார் அவரும் மெல்ல. "எந்திரிக்கட்டும்."

அறிவரசன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்திப் போட்டான். டிரைவர் உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார். அறிவரசன் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, டீ சொல்லப் பூமாலை கடைக்குப் போனான்.